யாருடைய போனுக்கு எழுதுவது?

நிரல் எழுதுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுதியதை நாலு பேர் எடுத்துப் பயன்படுத்தும்படி கட்டிக் கொடுப்பதில்தான் பிராணன் போகிறது.

கள்ளக்குறிச்சியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன லைப்ரரி எழுதினேன். ராக்கெட் விடுகிற வேலை எல்லாம் இல்லை. தொகையை லட்சம், கோடி என்று நம் கணக்குப்படி காற்புள்ளி வைத்துக் காட்டும். ஊர்ப் பெயர்களைத் தமிழ் அகர வரிசையில் அடுக்கும். ஒரு பெயரில் எத்தனை எழுத்து என்று சரியாக எண்ணிச் சொல்லும். விலைப்பட்டியல் பக்கம் ஒன்று, வசூல் கணக்குப் பக்கம் ஒன்று, விண்ணப்பப் படிவம் ஒன்று. மூன்றுக்கும் இது பொது. எழுதுகிற வேலை சுகமாக முடிந்தது. அப்புறம் கம்பைலருக்கு ப்ரீசெட் அமைக்க உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விட்டபாடில்லை.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2015 முதல் ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வருகிறது. எழுதுகிறவர் புதிய வசதிகளில் எழுதுவார். படிக்க வேண்டிய பிரவுசரோ யாரோ ஒருவரின் போனில் பழையதாக இருக்கலாம். புதிய நடையில் எழுதியதைப் பழைய நடைக்கு மாற்றித் தருவதுதான் பேபல் போன்ற கம்பைலரின் வேலை. எதை எதை மாற்ற வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்பதால், விதிகளை மொத்தமாக ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுக்குத்தான் ப்ரீசெட் என்று பெயர். கேட்க எவ்வளவு எளிமை! ஒரு கட்டை எடு, வை, முடிந்தது.

முடியாது. கதை 2014-ல் தொடங்குகிறது. செபாஸ்டியன் மெக்கென்ஸி என்ற ஆஸ்திரேலியப் பையன், பதின்ம வயதில், '6டு5' என்ற பெயரில் இந்தக் கருவியை எழுதினான். 2015 பிப்ரவரியில் அது பேபல் ஆனது. அதுவரைக்கும் நிறுவினால் வேலை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 6-ஆம் பதிப்பை நிறுவினால், அது ஒன்றும் செய்யாது. கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும். என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காக 2015-க்கு ஒரு ப்ரீசெட், 2016-க்கு ஒன்று, 2017-க்கு ஒன்று, இன்னும் முடிவாகாத வசதிகளுக்கு 'ஸ்டேஜ்' என்று நான்கு. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து 'என்வ்' என்று ஒரே ப்ரீசெட் வந்தது. 2018 ஆகஸ்டில் 7-ஆம் பதிப்பு வந்தபோது ஸ்டேஜ் கட்டுகளை எடுத்துவிட்டார்கள், பொதிகளின் (பேக்கேஜ்களின்) பெயர்களையும் மாற்றிவிட்டார்கள். 2019-ல் 7.4 வந்தபோது, அதுவரை எல்லோரையும் போடச் சொன்ன பாலிஃபில் பொதி (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) கைவிடப்பட்டது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழைய அறிவுரைகள் எங்கும் போய்விடவில்லையே? 2016-ன் அறிவுரையும் 2018-ன் அறிவுரையும் 2021-ன் அறிவுரையும் தேடினால் ஒரே பக்கத்தில் அண்ணன் தம்பிகளாக வந்து நிற்கின்றன. எதில் தேதி பார்ப்பது? எதை நம்புவது? மூன்றிலும் முதல் வரி ஒன்றுதான்: 'இதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்'.

சரி, என்வ் ப்ரீசெட்டையே எடுத்தாயிற்று. அது கேட்கும் முதல் கேள்வி, எந்த பிரவுசர்களுக்காகக் கட்டுகிறாய்? தனியாக ஒரு செயலி எழுதுகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். அவருக்கு அவருடைய வாடிக்கையாளர் யார் என்று தெரியும். லைப்ரரி எழுதுகிறவன் என்ன சொல்வான்? என் பொதியை எடுத்துப் போகிறவர் யார், அவருடைய பக்கத்தைத் திறக்கிறவர் யார், அவர் கையில் என்ன போன் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? உலக அளவில் எந்த பிரவுசரை எத்தனை சதவீதம் பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வழி வைத்திருக்கிறார்கள். இந்தியா என்று நாட்டைக் குறிப்பிட்டும் கேட்கலாம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை ஏறிப்போனால் அங்கே இருப்பவர்களின் கையில் என்ன இருக்கிறது என்று எந்தப் பட்டியலைக் கேட்பது?

பதில் சொல்லாமல் விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டால் பேபலின் 7-ஆம் பதிப்பு என்ன செய்யும் தெரியுமா? 2009-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் ஐந்தாம் பதிப்பின் நடைக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடும். சும்மா இருந்தவனுக்குக் கிடைக்கிற தண்டனை இது. யாருக்காக 2009? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூன் 15-ல் விடை கொடுத்தாயிற்று. கல்வராயன் மலையில் அதை வைத்துக்கொண்டு யாரும் விலை பார்க்கவில்லை.

மலையில் பார்ப்பது போனில். வெள்ளிமலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் மரவள்ளி விலை பார்க்க நம் பக்கத்தைத் திறப்பார். ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, நீ போட்டது வெள்ளையாவே நிக்குதுப்பா."

"அண்ணே, போன் பழசா?"

"பழசுதான். ஆனா மத்ததெல்லாம் ஓடுதே? உன்னோடது மட்டும் ஏன் நிக்குது?"

நியாயமான கேள்வி. அவருடையது ஆண்ட்ராய்டு 7. 2016-ல் வந்தது. பழைய போன்தானே, நவீன நிரல் புரிந்திருக்காது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அங்கேதான் வேடிக்கை. ஆண்ட்ராய்டு 7-க்கு குரோம் பிரவுசர் 119-ஆம் பதிப்பு வரை வந்தது. அது 2023-ன் சரக்கு. அண்ணனின் போனில் அதுவே இருந்தது. கிளாஸ், அசிங்க், இம்போர்ட் என்று நான் எழுதிய எல்லாமே அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்குப் புரிவதற்காக நான் எதையும் இறக்கிக் கொடுத்திருக்கவே வேண்டாம். இறக்கிக் கொடுத்ததால்தான் மூட்டை பெருத்தது. பெருத்த மூட்டையை அங்கே கிடைக்கிற அரைகுறை டவரில் இழுக்க முடியாமல் பக்கம் வெள்ளையாக நின்றது. அவருக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு போட்ட சுமை அவர் தலையிலேயே ஏறியிருக்கிறது.

கட்டி முடித்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். வயிறு எரிந்தது.

முதலாவது, உதவிச் செயல்கள். கிளாஸைப் பழைய நடைக்கு மாற்ற பேபல் சில குட்டிச் செயல்களைச் சேர்க்கும். அதை ஃபைலுக்கு ஒன்றாகச் சேர்க்கும். பத்து ஃபைல் இருந்தால் அதே குட்டிச் செயல் பத்து இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே இடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்ளச் செய்ய ரன்டைம் என்று தனி பிளக்-இன் உண்டு. அது ப்ரீசெட்டுக்குள் வராது, நாமாகத் தெரிந்து போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, அதற்குத் துணையான ரன்டைம் பொதியைச் சார்புகள் பட்டியலில் சரியான இடத்தில் எழுத வேண்டும். எழுதும்போது மட்டும் தேவைப்படும் பொதிகளின் பட்டியலில் அதைப் போட்டுவிட்டால், நம் கணினியில் ஓடும், எடுத்துப் போனவர் கணினியில் 'அப்படி ஒரு மாட்யூல் இல்லை' என்று விழும். அவர் திட்டுவது நம்மைத்தான்.

இரண்டாவது, இம்போர்ட் விவகாரம். விலைப்பட்டியல் பக்கத்துக்குத் தேவை காற்புள்ளி வைக்கும் செயல் ஒன்றுதான். அகர வரிசையும் எழுத்தெண்ணலும் அதற்கு வேண்டாம். வேண்டாததை உதறிவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் ரோலப், வெப்பேக் போன்ற கருவிகளுக்கு உண்டு. ஆனால் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்ற வரிகள் அப்படியே இருந்தால்தான் அவை நன்றாக உதறும். ப்ரீசெட்டில் இதற்கு 'ஆட்டோ' என்று ஒரு விருப்பம், அதுவே இயல்புநிலை. ஆட்டோ என்றால் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? கட்டும் கருவி வழியாக ஓட்டினால் அந்த வரிகளை விட்டுவைக்கும். கட்டளை வரியிலிருந்து நேராக ஓட்டினால் காமன் ஜேஎஸ் என்ற பழைய நடைக்கு மாற்றிவிடும். லைப்ரரி எழுதுகிறவர்களில் பலர் ஓட்டுவது கட்டளை வரியிலிருந்துதான். ஒரு கைப்பிடி கேட்டவனுக்கு முழு மூட்டையும் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, பாலிஃபில். இதைச் சொன்னால்தான் என் ஆற்றாமை தீரும். நடையை மாற்றுவது வேறு, பிரவுசரிடம் இல்லவே இல்லாத செயல்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. பின்னதற்குத்தான் பாலிஃபில். டெனிஸ் புஷ்கரேவ் எழுதிப் பராமரிக்கும் கோர்-ஜேஎஸ் பொதியிலிருந்து இவை வருகின்றன. பயன்பாட்டைப் பார்த்துத் தானாகச் சேர்த்துவிடும்படி ப்ரீசெட்டில் ஒரு விசை இருக்கிறது. தனிச் செயலிக்கு அது வசதி. லைப்ரரியில் அதைத் தட்டிவிட்டால், நம் பொதி போய் உட்காருகிற பக்கத்தின் பொதுவான அரே, பிராமிஸ் எல்லாவற்றிலும் கை வைக்கும். மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து வரும் சர்க்கரை காபிக்குப் போகலாம், கேசரிக்குப் போகலாம், கஷாயத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் பிடிக்குமே என்று ஆலையே மூட்டைக்குள் ஏலக்காயைக் கலந்து அனுப்பினால் என்ன சொல்வோம்? வேண்டுகிறவர் வீட்டில் தட்டிப் போட்டுக்கொள்ள மாட்டாரா? பொதுவைத் தொடாமல் தனக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் 'ப்யூர்' முறையும் இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு பிளக்-இன், இன்னொரு கான்ஃபிக், இன்னொரு சுற்றுத் தேடல்.

இத்தனை செய்த பிறகும், எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டதை அது தராது. லட்சக் காற்புள்ளி, தமிழ் அகர வரிசை, எழுத்தெண்ணல் மூன்றும் மொழிக்கேற்ற வசதிகளைத் தரும் பிரவுசரின் 'இன்டல்' பகுதியில் இருப்பவை. கோர்-ஜேஎஸ் அதைத் தொடுவதில்லை. கேட்காததை எல்லாம் கொட்டிவிட்டு, கேட்ட இடத்தில் கையை விரிக்கிறது.

நான்காவது நம் தமிழுக்கே நேர்ந்தது. ஒரு பெயரில் இருப்பது தமிழ் எழுத்துதானா என்று பார்க்க ஒரு சின்ன வரி போதும்; 'தமிழ் எழுத்துமுறையைச் சேர்ந்தது' என்று சொன்னாலே பிரவுசருக்குப் புரியும். குரோமுக்கு இது 2018 முதலே தெரியும். பழைய நடைக்கு இறக்கியதும் அந்த ஒரு வரி எண்களின் நீளமான சங்கிலியாகிவிட்டது. தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய பகுதியில் இடையிடையே காலி இடங்கள் இருப்பதால் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுகிறது. அதோடு 2019-ல் யூனிகோட் 12 சேர்த்த 51 குறிகள் வேறு: முந்திரி, காணி, மா என்ற பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்ற அளவைகள். பழம் ஏடுகளைப் படிப்பவர்களுக்கு அவை பொக்கிஷம், சேர்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் போனுக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழை, தெரியாதது போல் வைத்துக்கொண்டு, பதக்கு வரைக்கும் பாடம் நடத்தி, அதற்கான டேட்டா காசையும் மலையில் இருப்பவரிடம் வாங்குவது என்ன நியாயம்?

ஐந்தாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் எடுத்தாண்ட டெம்ப்ளேட் ஒன்றில் 'லூஸ்' என்ற விசை தட்டப்பட்டிருந்தது. யார் தட்டினார்கள், ஏன் தட்டினார்கள் என்று அதில் ஒரு குறிப்பும் இல்லை. சிறிய, வேகமான நிரல் வரும் என்பார்கள். சில அனுமானங்களை வைத்துக்கொள்வதால்தான் அந்த வேகம் வருகிறது. 'மூன்று புள்ளி வைத்து விரிப்பது எல்லாம் பட்டியல்தான்' என்பது அதில் ஒரு அனுமானம். ஆனால் சொல்லையும் அதே மூன்று புள்ளியால் பிரிக்கலாம், நானும் அப்படித்தான் பிரித்திருந்தேன்.

கள்ளக்குறிச்சி என்ற பெயரில் நம் கணக்குப்படி 8 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் கணக்குப்படி 14, ஏனென்றால் புள்ளியையும் துணைக்குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும். சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் 'செக்மென்டர்' இருக்கும் பிரவுசரில் நேராக 8 வந்துவிடும். குரோமில் 2020 முதலும் சஃபாரியில் 2021 முதலும் அது இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024 ஏப்ரலில்தான் வந்தது. இல்லாத பிரவுசருக்காக, பெயரைப் 14 துண்டாகப் பிரித்து, புள்ளியையும் குறிகளையும் முந்தைய எழுத்தோடு ஒட்டி, 8 ஆக்கும் மாற்று வழியும் வைத்திருந்தேன். லூஸ் விசை அந்த மாற்று வழியைத் தின்றுவிட்டது. சொல்லைப் பிரிக்காமல் முழுசாகத் தூக்கி ஒரு பட்டியலுக்குள் போட்டது. விடை 1.

என் லேப்டாப்பில் குரோம் என்பதால் 8 என்றே வந்தது. பழைய ஃபயர்ஃபாக்ஸில் விண்ணப்பம் நிரப்பிய ஒருவரிடம், ஊர்ப் பெயர் குறைந்தது 2 எழுத்தாவது இருக்க வேண்டும் என்று படிவம் அடம் பிடித்தது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத் தலைநகராக இருக்கும் ஊருக்கு, பெயர் நீளம் போதாதாம்!

இதெல்லாம் போக, சில்லறைத் தொல்லைகள் தனி. பிளக்-இன்கள் மேலிருந்து கீழாக ஓடும். ப்ரீசெட்டுகள் கீழிருந்து மேலாக ஓடும். ஏன் என்று கேட்டால், அந்தக் காலத்தில் அப்படி எழுதிப் பழகிவிட்டார்களாம். கான்ஃபிக் ஃபைலுக்கு இரண்டு பெயர். ஒன்று திட்டம் முழுவதற்கும் செல்லும், மற்றொன்று தன் பொதிக்குள் மட்டும் செல்லும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே இடத்தில் இருக்கும், தவறானதில் எழுதினால் ஒரு எச்சரிக்கையும் வராது. பொதியை நான் நவீன நடையில் விட்டு, எடுத்தவர் லூஸ் விசையோடு தன் கிளாஸைப் பழைய நடைக்கு இறக்கி என்னுடையதிலிருந்து நீட்டினால், 'நியூ இல்லாமல் கூப்பிடக் கூடாது' என்று இன்னொரு பிழை. அவர் நியூ போட்டுத்தான் கூப்பிட்டிருப்பார். பிழைச்செய்தியை எழுதியவருக்கும் படிப்பவருக்கும் ஜென்மப் பகை போல.

பொதிகளை நம்பிப் பொதிகள், அவற்றை நம்பி இன்னும் பொதிகள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டபோது, அதைச் சார்ந்திருந்த பேபலே தடுமாறியது. 11 வரி! அதற்குப் பிறகாவது சார்புகளைக் குறைப்போம் என்று பார்த்தால், என் சின்ன லைப்ரரியைக் கட்ட இறங்குகிற பொதிகளின் பட்டியல் அதைவிடப் பல மடங்கு நீளம்.

"பேபலை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய், புதுக் கருவிகள் வந்தாயிற்றே" என்று சென்னை நண்பர்கள் சொல்கிறார்கள். வந்தாயிற்று. ஈஎஸ்பில்ட் கண் மூடித் திறப்பதற்குள் கட்டுகிறது, எஸ்டபிள்யூசி அதற்குச் சளைத்ததில்லை. வேகத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் அவையும் கேட்பது அதே கேள்வி: எந்த பிரவுசருக்கு? தவறான பதிலைச் சீக்கிரமாகக் கட்டித் தருவதில் எனக்கு என்ன லாபம்?

என் குறை கருவி எழுதியவர்கள் மீது அல்ல. சம்பளம் இல்லாமல் இதைப் பராமரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. தனிச் செயலிக்கும் பகிரும் லைப்ரரிக்கும் ஒரே ப்ரீசெட்டை நீட்டுகிற வழக்கத்தின் மீதுதான் குறை. இரண்டும் இரண்டு வேலை. செயலி கடைசியில் நிற்பது. யாருக்கு எது வேண்டும் என்று முடிவு செய்ய அதற்குத்தான் தகவலும் உரிமையும் இருக்கிறது. லைப்ரரி நடுவில் நிற்பது. அது எவ்வளவு குறைவாகத் தீர்மானிக்கிறதோ அவ்வளவு நல்லது. இதை முதல் கேள்வியாகவே கேட்டுவிட்டால் என்ன? 'செயலியா, லைப்ரரியா?' லைப்ரரி என்றால் பொதுவைத் தொடும் பாலிஃபில்லை அடைத்துவிடு, இம்போர்ட்டை விட்டுவை, உதவிச் செயல்களை ஓரிடத்தில் வை, லூஸ் விசையைக் கேட்டுவிட்டுத் தட்டு. நாலே நாலு இயல்புநிலைகள்.

அது வரும்வரை, லைப்ரரி வெளியிடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த பிரவுசரின் எந்தப் பதிப்பு முதல் ஓடும் என்பதை ரீட்மீயின் முதல் பத்தியில் எழுதுங்கள். அதற்குக் கீழே இறக்க வேண்டுமா என்பதை எடுத்துப் போகிறவர் முடிவு செய்யட்டும். அவருக்கு எந்த பாலிஃபில் தேவைப்படலாம் என்று சொல்லிவிடுங்கள், நீங்களே சேர்க்காதீர்கள். வெளியிடும் முன் கட்டி முடித்த ஃபைலைத் திறந்து ஒருமுறை படியுங்கள். படித்த பிறகு, ஏதாவது ஒரு பழைய போனில், டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் நின்று திறந்து பாருங்கள். உங்கள் ப்ரீசெட் சரியா தவறா என்று அங்கே தெரிந்துவிடும்.